நடக்காத கொடை

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு மேலே இருக்கும் பயிற்சி ஹாலில், நம்பிராஜன் வலது கையைத் தூக்கிக் காட்டுவான். அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் உண்டு. நடுவில் இருந்த மூன்றும் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த முப்பது நாற்பது பேர், மடிப்புக் கலையாத யூனிஃபார்மில், அதுவரை ஃபோனை நோண்டிக்கொண்டும் ஒருத்தரை ஒருத்தர் இடித்துச் சிரித்துக்கொண்டும் இருப்பார்கள். கை மேலே போனதும் ஹால் கப்சிப்.

"என் பெயர் நம்பிராஜன். இந்தக் கையைப் பாருங்கள்" என்று ஆரம்பித்தால் சரியாகப் பதினோரு நிமிடம். எங்கே குரலை இறக்க வேண்டும், எந்த இடத்தில் முதல் வரிசைப் பெண்கள் உதட்டைக் கடிப்பார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. "அன்று எங்கள் ஊரில் கோயில் கொடை விழா. எனக்கு லீவு கிடைத்திருந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏற வேண்டும். லாக்கரில் பை தயாராக இருந்தது. என் உடல்தான் மெஷின் முன்னால் இருந்தது. என் மனம் வேலையில் இல்லை" என்பான். அங்கே ஒரு நிறுத்தம். மனசுக்குள் மூன்று எண்ணுவான். "தகடு சிக்கிக்கொண்டது. கொக்கியால்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் கையை விட்டேன். ஒரு நொடி அவசரம். தவறு மெஷினுடையது அல்ல. என்னுடையது."

கைதட்டுவார்கள். விரல் போன கதைக்குக் கைதட்டல்! முதல் இரண்டு மூன்று தடவை அவனுக்கே கூசியது. ஆறு வருடத்தில் எல்லாம் பழகிவிட்டது. இருநூற்றைம்பது தடவைக்குக் குறையாமல் சொல்லியிருப்பான். தெற்கே களக்காட்டுப் பக்கத்து ஆள், வாயைத் திறந்தால் "சொல்லுதேன், வருதேன்" என்று பேசுகிறவன், அந்த மேடையில் மட்டும் அச்சடித்த தமிழ் பேசுவான். ஏனென்றால் அது அச்சடித்துக் கொடுத்ததுதான்.

அவன் கதையைக் கொஞ்சம் நான் சொல்கிறேன். அவனிடம் கேட்டால் உங்களுக்கும் அந்தப் பதினோரு நிமிடம்தான் கிடைக்கும்.

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்து, இருபத்தோரு வயதில், ஒரு தோள்பையும் சர்டிபிகேட் ஃபைலுமாகப் பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கினவன் நம்பிராஜன். படப்பையில் ஒரு ரூமில் எட்டுப் பேர். மூன்று ஷிஃப்டுக்காரர்களும் கலந்து இருந்ததால் ஒருவன் எழுந்த பாயில் அடுத்தவன் வந்து விழுவான். பாய் ஆறவே ஆறாது. நாலு கம்பெனி மாறி இந்த பிரஸ் லைனுக்கு வந்தான். கல்யாணம் ஆனது. சுகப்பிரியா பக்கத்து ஊர்ப் பெண்தான். அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த நேரத்தில், ஒரு சித்திரை மாதத்து மதியம், கை போனது.

இந்த இடத்தில் மெஷினைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். கார் சீட்டுக்கு அடியில் வரும் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் அது. அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஒளித்தடுப்பு உண்டு. சென்சார் என்பார்கள். அது வேலை செய்யும்போது மேலே பச்சை லைட் எரியும். அப்போது யார் கை உள்ளே போனாலும் பிரஸ் அப்படியே நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் எண்ணெய்ப் புகை கொஞ்சம் பட்டாலும் அது நிற்கும். நின்றால் எண்ணிக்கை விழும். எண்ணிக்கை விழுந்தால் சூப்பர்வைசருக்கு மேலே இருந்து வசவு விழும். அதனால் சூப்பர்வைசர் தன் சாவியால் சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்வது அந்த லைனில் வழக்கம். "சாவி போட்டாச்சா?" என்றால் அதுதான் அர்த்தம். எல்லோருக்கும் தெரியும். எந்தப் பேப்பரிலும் இருக்காது.

நம்பிராஜன் கை உள்ளே போன அன்று சாவி போட்டிருந்தது. போட்டவன் லோகேஷ் என்கிற சூப்பர்வைசர். இதை நான் சொல்கிறேன். நம்பிராஜன் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் நாலாம் நாள், எச்.ஆர். அதிகாரி ஜீவானந்தம் ஆப்பிளும் ஒரு காகிதமுமாக வந்தார். கம்பெனிகளில் ஏதாவது ஒன்று கெட்டுப்போனால், அது போல்ட்டோ விரலோ, ஐந்து தடவை 'ஏன்' கேட்டு ஒரு பேப்பர் நிரப்புவார்கள். லைனில் அதற்கு ஒய்-ஒய் பேப்பர் என்று பெயர். ஜீவானந்தம் அதைக் கட்டிலின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவர் போலக் கேட்டார்.

"கை ஏன் உள்ள போச்சு நம்பி?"

"தகடு சிக்கிருச்சி சார்."

"கொக்கியால ஏன் எடுக்கல?"

"நேரம் ஆவும்லா சார்."

"சரி, அவசரம்னு போட்டுக்கறேன். ஏன் அவசரம்?"

நம்பிராஜன், "சார், சாவி..." என்று ஆரம்பித்தான். ஜீவானந்தம் பேனாவை மூடிவிட்டு அவன் தோளில் கை வைத்தார். "அந்தப் பக்கம் போனா கேஸ் அது இதுன்னு இழுத்துக்கிட்டே போகும். உங்களுக்கு இப்ப ஒரு குழந்தை பொறக்கப் போகுது. வேலை வேணுமா இல்லையா? உங்க பக்கமே ஒரு காரணம் சொல்லுங்க. மனசு எங்கயாவது போயிருக்கும் இல்ல? ஊர்ல ஏதாவது விசேஷமா?"

வலிக்குப் போட்ட ஊசியில் பாதி மயக்கத்தில் இருந்தவன், கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொன்னான். "சித்திரையில கோயில் கொடை வரும் சார்."

அவ்வளவுதான். வரும் என்றுதான் சொன்னான். பேப்பரின் ஐந்தாவது கட்டத்தில் அது வந்தே விட்டது. வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து அவனுக்கு ஸ்டோர்ஸில் நிரந்தர வேலை கொடுத்தார்கள், திங்கட்கிழமை தோறும் ஹாலில் பேச வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. அந்த ஒய்-ஒய் பேப்பரைத்தான் ஜீவானந்தம் அழகாக விரித்து எழுதிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நம்பிராஜன் ஒரு நாளாவது சண்டை போட்டிருப்பான். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஸ்வீட் பாக்ஸோடு வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போகிற மனுஷனிடம் என்னவென்று சண்டை போடுவது?

இப்படியே போயிருக்கும். வீட்டுக்காரர் நாகப்பன் மகள் கலைமதிக்கும் அதேபோல ஆகாமல் இருந்திருந்தால் போயிருக்கும்.

வடக்குப்பட்டில் நாகப்பனுக்கு நிலம் இருந்த காலம் போய், இப்போது வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். கடைசி ரூம் இரண்டையும் சேர்த்துத் தடுத்ததுதான் நம்பிராஜன் வீடு. கலைமதிக்கு இருபத்திரண்டு வயது. பொங்கல் கழிந்து அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தாள். சேர்ந்த திங்கட்கிழமை முதல் வரிசையில் உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்டு, எல்லோரையும் விட அதிக நேரம் கைதட்டினவள் அவள்தான். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, "சூப்பரா பேசினண்ணா, எனக்கு அழுகையே வந்துட்ச்சு" என்றாள். நம்பிராஜனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

ஆனி மாதம், அதே பிரஸ் வரிசையில், அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது.

ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றான் நம்பிராஜன். கலைமதி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். "நீ சொன்ன மாதிரியே ஆயிட்ச்சுண்ணா. அவ்ளோ சொல்லியும் நான் கேக்கல பாரு."

அவன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கான்ட்ராக்டர் ஒரு வரியில் முடித்துவிட்டான். பாதுகாப்பு விதியை மீறினார், ஆகவே பணியிலிருந்து நீக்கம். ஆனால் இந்தத் தடவை யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டதால் தொழிற்சாலை ஆய்வு அதிகாரி ஒருவர் வியாழக்கிழமை நேரில் வந்து விசாரிப்பதாக ஏற்பாடானது. சாவி போட்டிருந்தது என்று அதிகாரி எழுதிவிட்டால் கலைமதியைத் தூக்கி எறிய முடியாது. எழுதாவிட்டால், இரண்டு விரல் இல்லாத பெண், அதுவும் தன் தப்பால் போனவள் என்று சர்டிபிகேட்டோடு, வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாகப்பன் நம்பிராஜன் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாடகை கேட்கும்போதுகூட இல்லாத பணிவோடு பேசினார்.

"தம்பி, லைன்ல சாவி சமாச்சாரம் ஒன்னு கீதாமே. இன்னான்னு எனக்குப் புரியல. புள்ளையக் கேட்டா தலைய ஆட்டுது, பேச மாட்டேன்னுது. அந்த மிசின்லதான உனுக்கும் ஆச்சு? நீ அந்த ஆபீஸர் அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுபா. வேற யாரும் வாயத் தொறக்க மாட்டேன்றானுங்க."

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்றான் நம்பிராஜன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. ஆனால் பின்வாங்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து நின்ற நேரத்திலேயே அவன் முடிவு பண்ணியாகிவிட்டது. வேலை போனால் போகட்டும். ஊரைப் பார்க்கப் போய் வாழைத்தார் சுமந்தாவது பிழைக்கலாம், கட்டைவிரலும் சுண்டுவிரலும் போதும் அதற்கு.

அன்று மத்தியானம் சாப்பாடு ஆனதும் சுகப்பிரியா முன்னால் சொல்லிப் பார்க்க உட்கார்ந்தான். அவள்தான் உட்கார வைத்தாள். "அந்த அம்மா கேக்கும்போது தெணறக் கூடாது. இப்ப என்கிட்டச் சொல்லுங்க. அன்னைக்கி என்ன நடந்துச்சி?"

நம்பிராஜன் தொண்டையைச் செருமினான். கை தானாக மேலே போனது. "என் பெயர் நம்பிராஜன்..."

"ஒங்க பேரு எனக்குத் தெரியாதாக்கும்? நடந்ததச் சொல்லுங்க."

"அன்று எங்கள் ஊரில்..."

"ஏங்க! அது கம்பெனிக்காரன் கத. என்ன சொல்லுதிய நீங்க?"

சிரித்தார்கள் இரண்டு பேரும். மறுபடி ஆரம்பித்தான். பேச்சு மறுபடி அதே தண்டவாளத்தில் போய் ஏறியது. நாலாவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "இரு ஏட்டி. ஒன்னொன்னா வாரேன். அன்னைக்கி லாக்கர்ல பை இருந்துச்சி. நீலப் பை. கொடைக்குப் போவணும்னு ஒனக்கு ஒரு சேல எடுத்து வச்சிருந்தேன். அதுவரைக்கும் நெசம்தான? அதுக்குப் பெறவு..."

சுகப்பிரியா அவனையே பார்த்தாள். "எந்தக் கொடைக்கி?"

"சித்திரக் கொடை. நம்ம அம்மன் கோயில்."

"அந்த வருசம் ஏது கொடை? ரெண்டு வகையறாவும் அடிச்சிக்கிட்டு, தாசில்தாரு வந்து கோயிலப் பூட்டிட்டுப் போனாரே. நான் எங்கம்மா வீட்டுல வயித்தத் தள்ளிக்கிட்டு இருந்தேன். வளைகாப்பு முடிஞ்சி கோயிலுக்குப் போனா கதவுல பூட்டு. வெளிய நின்னு கும்பிட்டுட்டு வந்தேன்."

"இல்ல. நடந்துச்சி."

"நடக்கலைங்க."

நம்பிராஜனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்தக் கொடை அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. லீவு ஃபார்மில் கையெழுத்துப் போட்டது, லாக்கரில் பையைத் திணித்துக் கதவை முழங்காலால் அழுத்தியது, ஜவுளிக்கடைக் கவரின் மணம். எல்லாம் இருக்கிறது. ஊரில் இருக்கும் அண்ணன் ஆறுமுகநயினாருக்கு உடனே ஃபோன் போட்டான்.

"என்னல, இந்த நேரத்துல? கொடையா? அந்த வருசம் கோயிலு பூட்டிக் கெடந்துச்சில்லா. மொத்தம் ரெண்டு வருசம் கெடந்துச்சி. ஏம்ல, என்ன விசயம்? ஒடம்புக்கு எதும் சரியில்லையா?"

ஃபோனை வைத்தான். அந்த நீலப் பை? சுகப்பிரியாவுக்குத் தெரிந்து வீட்டில் நீலப் பையே கிடையாது. சேலை? அப்படி ஒரு சேலை அவள் கட்டவே இல்லை. பயம் என்றால் அதுதான் பயம். விரல் போனபோதுகூட அவன் அப்படிப் பயப்படவில்லை. திங்கட்கிழமை திங்கட்கிழமையாகச் சொல்லிச் சொல்லி, அடுத்தவன் கட்டிக்கொடுத்த வீட்டில் தானே போய்க் குடியேறி, சட்டி பானையெல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறான். இதெல்லாம் இல்லாதது என்றால், சாவி மட்டும் இருந்ததா? லோகேஷ் சாவி போட்டான் என்பதும் தன் மனசைத் தேற்றிக்கொள்ளத் தானே சேர்த்துக்கொண்டதாக இருந்தால்? லோகேஷைக் கேட்கலாம் என்றால் அவன் மறைமலை நகர்ப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. கேட்டாலும் சொல்வானா?

"ஏட்டி, எனக்கு எது நெசம்னே தெரியலையே" என்றான். சுகப்பிரியா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மீதி இருந்த அந்தச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை குறுக்கே வந்து ஹோம்வொர்க் நோட்டைக் காட்டியது. இரண்டு பேரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை வரை அப்படியே திரிந்தான். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து அந்த மதியத்தை மறுபடி மறுபடி கிளறினான். கிளறக் கிளறக் கொடையும் பையும்தான் மேலே வந்தன. கடைசியில் ஒன்று கிடைத்தது. பிரஸ் ஷாப்புக்கு போல்ட் கொடுக்கப் போனவன், சும்மா தலையை நிமிர்த்தி அந்த மெஷினின் மேலே பார்த்தான். பச்சை லைட் எரிந்துகொண்டிருந்தது. அன்று தரையில் விழுந்து மல்லாந்து கிடந்தபோது பார்த்தது அந்த லைட்டைத்தான். முதலில் அது இருட்டாக இருந்தது. யாரோ ஓடி வந்தார்கள். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். அதற்கப்புறம் பச்சை எரிந்தது. அடிபட்ட பிறகு எரிந்தது! இது ஜீவானந்தத்தின் காகிதத்தில் கிடையாது. இருநூற்றைம்பது திங்கட்கிழமையில் ஒரு நாள்கூட அவன் வாயில் வந்ததில்லை. அதனால்தான் இது கெடாமல் அப்படியே இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. போல்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை விசாரணையை வைத்தார்களே, எங்கே வைத்தார்கள்? அதே பயிற்சி ஹாலில். ஏ.சி. இருக்கிற இடம் அதுதான். ஆய்வு அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், மேஜைக்குப் பின்னால். பக்கத்தில் ஜீவானந்தம், ஒரு ஃபைலோடு. முதல் வரிசையில் கலைமதி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. நாகப்பன் அவளுக்குப் பின்னால். அவர் நம்பிராஜனைப் பார்த்தார், ஆனால் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். பதற்றமாக இருக்கும் என்று நம்பிராஜன் நினைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க, உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் அதிகாரி.

எழுந்து நின்றான். அதே இடம், அதே தரை, எதிரே அதே நாற்காலிகள். கை மேலே போனது. "என் பெயர் நம்பிராஜன். இந்தக் கையைப் பாருங்கள். அன்று எங்கள் ஊரில்..." என்று வாய் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜீவானந்தத்தின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நம்பிராஜன் இடது கையால் வலது கையைப் பிடித்துக் கீழே இழுத்தான். எல்லோரும் பார்க்கத்தான் இழுத்தான்.

"அது இல்லம்மா. அது இல்ல. எங்கூருல அன்னைக்கி ஒன்னுமே கெடையாது. கோயிலு பூட்டிக் கெடந்துச்சி. எனக்கு ஒன்னுதான் தெரியும். அடிபட்ட பெறவுதான் பச்ச லைட்டு எரிஞ்சிச்சி. எரிஞ்சிக்கிட்டு இருந்திருந்தா மெசினு எறங்கியிருக்காது. சாவி போட்டு வச்சிருந்தாங்க. அடிபட்டதும் வந்து எடுத்துட்டாங்க. இப்பவும் அந்த லைன்ல போடுதாங்கம்மா. இந்தப் புள்ளைக்கும் அப்படித்தான் ஆயிருக்கும்."

சொல்லி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிறுத்தம் இல்லை, மூன்று எண்ணவில்லை, யாரும் கைதட்டவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் முகத்தில் இளக்காரம் ஒன்றும் இல்லை. "இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்லம்மா."

ஜீவானந்தம் வருத்தத்தோடு ஃபைலைத் திறந்து, பெருவிரல் ரேகை வைத்த பேப்பரை நகர்த்தினார். கம்பெனி யூடியூபில் போட்டிருக்கிற வீடியோ பற்றியும் சொன்னார். அதிகாரி பேப்பரைப் படித்தார். நம்பிராஜனைப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார். "ஆறு வருஷமா ஒன்னு சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு வேற சொல்றீங்க. ரெண்டையும் எழுதிக்கறேன். ஆனா நான் விசாரிக்க வந்தது இந்தப் பொண்ணு விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கலைமதி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. அன்னைக்கு சென்சார் ஆஃப்ல இருந்துதா?"

கலைமதி எழுந்து நின்றாள். கட்டுப் போட்ட கையை மெல்ல உயர்த்தினாள், நம்பிராஜன் உயர்த்துகிற அதே உயரத்துக்கு.

"என் பெயர் கலைமதி" என்றாள். அச்சடித்த தமிழ். "அன்று என் தோழிக்கு நிச்சயதார்த்தம். சீக்கிரம் போக வேண்டும் என்ற நினைப்பு. தகடு சிக்கிக்கொண்டது. நான் கையை விட்டேன். தவறு மெஷினுடையது அல்ல. என்னுடையது."

நாகப்பன் தலையைக் குனிந்தார். அப்போதுதான் நம்பிராஜனுக்கு விளங்கியது.

வெளியே வந்ததும் நாகப்பனே அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "கோச்சிக்காதப்பா. நேத்து சாயங்காலம் அந்த சார் வூட்டுக்கு வந்தாரு. ஆப்பிள்லாம் வாங்கியாந்தாரு. பர்மனென்ட் போட்டுத் தரேன்றாரு. உன்ன மாதிரியே. உன்கிட்ட வந்து சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு? பொட்டப்புள்ள."

நம்பிராஜன் அவரைத் திட்டவில்லை. என்ன சொல்லித் திட்டுவான்? ஆறு வருடம் முன்னால் அந்த ஆப்பிளைத் தானும்தான் தின்றான். கலைமதியிடம் மட்டும் கேட்டான். "ஏம்மா, கை போன பெறவு மேல பாத்தியா? பச்ச லைட்டு எரிஞ்சிச்சா? சாவிக்கொத்து சத்தம் எதும் கேட்டுச்சா? நெனச்சிப் பாரு."

அவள் நினைத்துத்தான் பார்த்தாள், பொய் சொல்லக் கூடாது. நெற்றி சுருங்கியது. "இன்னா லைட்டுண்ணா? தெரில. கண்ண மூடிக்கினேன். கை உள்ள போனப்பவே நீ சொன்னதுதான் காதுல கேட்டுட்ச்சு. என் அவசரம்தாண்ணா. நிச்சயதார்த்தம் அன்னிக்கா, மறுநாளான்னு வேணா எனுக்கு டவுட்டு. சார் அன்னிக்குன்னு எழுதினாரு."

அடுத்த வாரமே ஜீவானந்தம் அவனைக் கூப்பிட்டு, "உங்களுக்கு ரெஸ்ட் வேணும் நம்பி, ரொம்ப வருஷமா பேசிட்டீங்க" என்றார். ஸ்டோர்ஸிலிருந்து மெயின் கேட்டுக்கு மாற்றினார்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் பையைத் திறந்து பார்க்கிற வேலை. வேலையை விட்டு எறிந்துவிட்டு ஊருக்குப் போவதாக இரண்டு நாள் சுகப்பிரியாவிடம் கத்தினான். மூன்றாம் நாள் கேட்டில் போய் நின்றான். குழந்தைக்கு ஸ்கூல் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆவணி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். ரூம் வரிசைக்கு முன்னால் குழாயடியில் நம்பிராஜன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். கலைமதி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். கட்டு அவிழ்த்திருந்தது. முகத்தில் புது வேலைக்காரியின் பரபரப்பு.

"அண்ணா, நாளிக்கு ஹால்ல எனக்கு ஃபர்ஸ்ட் பேச்சு. பயமா கீது. ஒரு தபா கேளுண்ணா, சரியா சொல்றனான்னு."

அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே எழுந்து போயிருக்கலாம். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுகப்பிரியா அவன் போய்விடுவான் என்றுதான் நினைத்தாள். அவன் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

கலைமதி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையை உயர்த்தினாள். "என் பெயர் கலைமதி. இந்தக் கையைப் பாருங்கள். அன்று என் தோழிக்கு நிச்சயதார்த்தம். புடவைகூட எடுத்து வைத்திருந்தேன். என் உடல்தான் மெஷின் முன்னால் இருந்தது..."

நின்றுவிட்டாள். அடுத்த வரி வரவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இடுப்பிலிருந்த தாளைத் தேடினாள்.

"என் மனம் வேலையில் இல்லை" என்றான் நம்பிராஜன்.

சுளகு ஆடுவது நின்றது. சுகப்பிரியா நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. உதடு அசையாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்ததும், இப்போது ஆரம்பி என்று கலைமதிக்குத் தலையை அசைத்தான்.